பெட்டி வந்தது, பொறுப்பு வரவில்லை

கிரைண்டர் வாங்கினால் கடையிலிருந்து ஆள் வருகிறார். பிளக்கில் மாட்டி, கல்லைச் சுற்றவிட்டு, ‘சத்தம் சரியா இருக்கா பாருங்கம்மா’ என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். முப்பது, நாற்பதாயிரம் கொடுத்து வாங்கும் டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு அப்படி யாரும் வருவதில்லை. அட்டைப்பெட்டிகளைக் கூடத்தில் இறக்கிவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு டெலிவரிப் பையன் போய்விடுகிறான். அதற்குமேல் நடப்பதெல்லாம் வாங்கியவர் பாடு.

கையில் செல்போன் இருக்கும்போது கம்ப்யூட்டர் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கும் என் பையன் ஆறு அங்குலத் திரையில் புரோகிராம் எழுத முடியாது. வருவாய்த் துறையில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார் தன் பணிக்கால அனுபவங்களைத் தமிழில் எழுத நினைக்கிறார். அவருடைய கண்ணுக்குப் பெரிய எழுத்து வேண்டும், விரலுக்குப் பெரிய கட்டை வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைக்கு இது உண்மையாகவே தேவைப்படுகிற பொருள். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆற்றாமை.

பெட்டியைப் பிரித்தால் மடித்த தாள் ஒன்று வருகிறது. அதில் பல நாட்டு மொழிகள் இருக்கின்றன, தமிழ் இல்லை. வயர்களைப் பொருத்தி ஆன் செய்தால் மானிட்டரில் ‘நோ சிக்னல்’. கேபினெட்டின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு எச்டிஎம்ஐ ஓட்டைகள்: மேலே மதர்போர்டில் ஒன்று, கீழே கிராபிக்ஸ் கார்டில் ஒன்று. இன்டெல் பிராசஸரின் பெயரில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதற்குள் படம் காட்டும் வசதி கிடையாது. அப்போது மேல் ஓட்டை வெறும் ஓட்டைதான், எவ்வளவு மாட்டினாலும் திரை கறுப்பாகவே இருக்கும். கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தவருக்கு இது தெரியும். அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் மூடி வைக்கவோ, ‘இங்கே மாட்டாதீர்கள்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டவோ எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எர்த் விஷயத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கிய அன்று, பின்பக்கம் பென்டிரைவ் செருகப் போன என் மகன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ‘ஜிவ்வுனு ஏறுதும்மா’ என்றான். வெறுங்காலோடு நின்றிருந்தான். கடைக்குப் போன் செய்தேன். ‘அது எல்லா வீட்லயும் வர்றதுதான் மேடம். செருப்புப் போட்டுக்கிட்டு வேலை செய்யச் சொல்லுங்க’ என்றார் கடைக்காரர். ஒரு பிள்ளைக்குக் கரண்ட் ஏறுகிறது என்று பெற்றவள் சொல்லும்போது, அந்தப் பொருளை விற்றவர் சொல்லும் பதிலா இது?

எலெக்ட்ரீஷியன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். சுவரில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட்தான் இருக்கிறது. ஆனால் மேல் ஓட்டைக்கு வயரே வரவில்லை. ‘எர்த் இழுக்காமலே பாயிண்ட் போட்டிருக்காங்க’ என்று அவர் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறிய கெப்பாசிட்டர்கள் உண்டு. ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றும் கேபினெட்டின் இரும்போடு சேர்ந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், அந்தத் தகரத்தின் மேலேயே நிற்கும். பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சாதாரணமாக உயிருக்கு ஆபத்து வராது. ஆனால் என்றைக்காவது எஸ்எம்பிஎஸ் பழுதாகி ஃபேஸ் நேரடியாகப் பெட்டியில் பட்டுவிட்டால், காப்பாற்ற வேண்டிய வயர் அங்கே இல்லையே! செருப்பை நம்பியா பிள்ளையை உட்காரவைப்பது?

இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். ‘வயரிங் எங்க வேலை இல்லை’ என்கிறது கடை. ‘ஓனர் எர்த் கேக்கலை’ என்கிறார் வயரிங் செய்தவர். சந்தையில் விற்கும் மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களைத் திறந்து பாருங்கள்: முகத்தில் மூன்று ஓட்டை, உள்ளே இரண்டே வயர். மூன்றாவது ஓட்டை வாங்குகிறவரை ஏமாற்றுவதற்கென்றே போட்டது. கொல்லையில் குழி வெட்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுப்பது நம் ஊர் எலெக்ட்ரீஷியன்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம், அன்றோடு அந்த ‘ஜிவ்’ நின்றது. கம்ப்யூட்டரை இறக்கும்போதே ஒருவர் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்லியிருந்தால் போதும்.

கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கும் யுபிஎஸ்ஸிலும் இதே கதைதான். பெட்டியின் மேல் 600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது விஏ கணக்கு. வாட்ஸில் பார்த்தால் பெரும்பாலும் 360தான், அது மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, மூன்று வருடத்தில் உயிரை விடும் என்பதையும் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

மெஷின் ஓடத் தொடங்கியதும் அடுத்த மல்லுக்கட்டு. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு முதல்முறை திறக்கும்போதே இன்டர்நெட் கேட்கிறது. விலை குறைந்த மதர்போர்டுகள் பலவற்றில் வைஃபை கிடையாது. லேன் வயர் மாட்டினாலும் அதற்கான டிரைவர் உள்ளே இல்லையென்றால் நெட் வராது. அந்த டிரைவரை இறக்க நெட் வேண்டும். கதவைத் திறக்கும் சாவியைக் கதவுக்கு உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார்கள். செல்போனை யுஎஸ்பி வயரில் கோத்து அதன் நெட்டைக் கொடுத்தால் பெரும்பாலும் வழி பிறந்துவிடும். தொழில் தெரிந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் செய்கிறார்கள், வீட்டில் இருப்பவருக்கு இதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அதைத் தாண்டினால் ஈமெயில் கணக்கு, பாஸ்வேர்டு, பின் நம்பர். நம்மைக் கேட்காமலே டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை விண்டோஸ் இணையச் சேமிப்புக்குக் கொண்டுபோய்விடுகிறது. அங்கே இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. குடும்பப் படங்களைப் போட்ட சில நாளில் ‘இடம் நிறைந்துவிட்டது, பணம் கட்டுங்கள்’ என்று வருகிறது. நம் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இடம் காலியாகக் கிடக்கும்போது நம் கோப்பை வெளியே கொண்டுபோய் வைத்து, அதற்கு வாடகையும் கேட்பது எந்த ஊர் நியாயம்? எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் தான் எழுதி வைத்த பக்கத்தைக் காணோம் என்று பதறினால், அந்தப் பதற்றத்துக்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அசெம்பிள் செய்யும் கடைகள் பலவற்றில் ‘ஓஎஸ் போட்டுத் தர்றோம்’ என்கிறார்கள். விலைப்பட்டியலில் அதற்கென்று ஒரு வரி இருக்காது. சில வாரம் கழித்துத் திரையின் கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று மங்கலாக எழுத்து தோன்றும்போதுதான், கள்ளப் பிரதியைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்பதே தெரிகிறது. பணம் கொடுத்து நேர்மையாக வாங்கியவரை அவருக்குத் தெரியாமலே குற்றவாளி ஆக்குகிற வேலை இது. செலவு கட்டுப்படியாகாது என்றால் காசில்லாமல் நேர்மையாகக் கிடைக்கிற லினக்ஸ் இருக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான ‘பாஸ்’ லினக்ஸ்கூட இருக்கிறது. எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. இப்படி ஒரு வழி உண்டு என்று வாயைத் திறந்து சொல்லும் கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

தமிழுக்கு வருகிறேன். மனசு அதிகம் வலித்தது இங்கேதான்.

மாமனார் தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறியவர். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். அந்த வேகத்தில்தான் அவர் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். விண்டோஸில் தமிழைச் சேர்த்தால் இந்திய மொழிகளுக்குப் பொதுவான தளக்கோலம் ஒன்று வருகிறது. தேடிப் பிடித்தால் தமிழ்99, அஞ்சல் என்ற தளக்கோலங்களும் கிடைக்கின்றன. அவர் விரலுக்குத் தெரிந்த பழைய தட்டச்சுத் தளக்கோலம் அதில் இல்லை. ‘நான் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கணுமாம்மா?’ என்று கேட்டார். தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக எத்தனையோ பேர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய், பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கிக் கற்ற கலை அது. அதற்கு இடமில்லை என்று முடிவு செய்தவர்கள் அவர்களில் ஒருவரையாவது கேட்டிருப்பார்களா?

தமிழ்99 நல்ல தளக்கோலம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அந்த ஆண்டே தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுகிறது. புதிதாகக் கற்கிற பிள்ளைக்கு இதைவிட எளிது வேறில்லை. ஆனால் அரசு ஏற்று இத்தனை வருடம் ஆன பிறகும், திருச்சியில் கடை கடையாக ஏறித் தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டு கேட்டால் ‘ஸ்டிக்கர் வேணா தேடித் தர்றேன் மேடம்’ என்கிறார்கள். அந்த ஸ்டிக்கரும் கை வியர்வையில் சில மாதத்தில் உரிந்துவிடுகிறது. அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் இத்தனை கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள், தமிழ் அச்சிட்ட கீபோர்டுதான் வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் மறு வருடமே அது கடைக்கு வந்துவிடும்.

எங்களைக் கடைசியில் கரை சேர்த்தது என்.எச்.எம். ரைட்டர் என்ற மென்பொருள். பழைய தட்டச்சு முறை அதற்குள் இருக்கிறது. எ-கலப்பை, அழகி, இது என்று தனி மனிதர்களும் சிறு நிறுவனங்களும் தமிழ் மேல் வைத்த பாசத்தால் இலவசமாகத் தந்தவற்றை வைத்துத்தான் தமிழர்கள் இவ்வளவு காலம் கம்ப்யூட்டரில் எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் இது அவர்கள் தலையில் விழுந்திருக்க வேண்டிய சுமையா?

மாமனார் முன்பு டிடிபி சென்டரில் அடித்து வைத்த பழைய கட்டுரைகளைத் திறந்தால் இன்னொரு கொடுமை. தமிழ் வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் இஷ்டத்துக்குத் தமிழை வைத்த காலத்தின் மிச்சம் இது. அந்த எழுத்துரு கையில் இல்லையென்றால் சொந்த எழுத்தையே படிக்க முடியாது. யூனிகோடில் 1991-லிருந்தே தமிழ் இருக்கிறது. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இன்றைக்கும் பல டிடிபி சென்டர்களில் பழைய எழுத்துருவில்தான் அடித்துக் கொடுக்கிறார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி, ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு ஒரு கம்ப்யூட்டரை நிலைநிறுத்தினால் அது எத்தனை நாளைக்கு? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்ணப்பித்தவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் மேலும் ஒரு வருடம் நீட்டித்தார்கள். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 2017-ன் தொடக்கத்தில் வெளிவந்த ஏழாம் தலைமுறை மெஷின்கள் பெரும்பாலும் தகுதி இழந்துவிட்டன. மின்விசிறி சுற்றுகிறது, டிஸ்க் ஓடுகிறது, எல்லா வேலையும் செய்கிறது. ஆனாலும் பழசு என்கிறார்கள். வீட்டுக்காரர் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பொருளுக்கு ஆயுள் எவ்வளவு என்பதை எங்கோ இருந்துகொண்டு தீர்மானிக்கிறார்கள். வாங்குகிற நாளில் அந்தத் தேதியைச் சொல்லும் வழக்கமும் இல்லை.

இதற்கு நடுவே ஒரு பாகம் பழுதானால் வாரன்டிக்கு அலைச்சல் தனி. பில் ஒன்றுதான். பிராசஸருக்கு ஒரு சர்வீஸ் சென்டர், மதர்போர்டுக்கு வேறொன்று, மானிட்டருக்கு இன்னொன்று. கோளாறு எந்தப் பாகத்தில் என்பதையே வாங்கியவர்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம்.

வாங்கப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். பணம் கட்டுவதற்கு முன் வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பொருத்திக் காட்டுவது, ஒரிஜினல் ஓஎஸ், தமிழில் தட்டச்சு செய்ய வழி, எந்தப் பாகம் பழுதானாலும் கடையே வாங்கி அனுப்புவது, இந்த நான்கையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டுக் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.