சிக்கனம் வேறு, குறுக்கு வழி வேறு

பழைய மோட்டார் காரைக் கண்டால் ஏளனம் செய்வோர் பலர். அக்கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். நான் குடியிருக்கும் விவேக் நகரில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து பாருங்கள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையெல்லாம் கறுப்பாக நிற்கும் இளைஞர்கள் எத்தனை பேர்! லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, இரண்டு மூன்று பேர் கைமாறி வந்த வண்டிகள் அவை. தருமபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்த குடும்பங்கள், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. என் குடும்பமும் அவ்வாறு வந்து குடியேறியதுதான். பட்டறைக்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்தத் தன் கையாலேயே பழுது பார்ப்பவனை நான் பாராட்டுவேனேயன்றிப் பழிக்க மாட்டேன்.

தன் கையால் செய்து கற்பது தமிழனுக்குப் புதிதும் அன்று. கோவை ஜி. டி. நாயுடு எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தார்? மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டிக் கற்றவர் அவர். 1920இல் ஒரே ஒரு பஸ்ஸுடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் பிரித்தது, ஒவ்வொரு உறுப்பும் எதற்காக இருக்கிறது என்பதை அறிவதற்காக. நம்மில் சிலர் பிரிப்பதோ, எந்த உறுப்பை விட்டுவிட்டாலும் வண்டி ஓடும் என்பதை அறிவதற்காக! முன்னது சிக்கனம், பின்னது குறுக்கு வழி.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே. ‘இந்த வேலை கெட்டுப்போனால் வண்டி நின்றுவிடுமா, அல்லது நிற்காமல் போய்விடுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். நின்றுவிடும் என்றால் நட்டம் உங்களுடையது. துணிந்து சிக்கனம் செய்யுங்கள். நிற்காமல் போய்விடும் என்றால் நட்டம் ஊராருடையது. அங்கே ஒரு காசும் குறைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

இருக்கை உறை கிழிந்ததா? வீட்டிலேயே தைத்துப் போடுங்கள். கதவுப் பிடி உடைந்ததா? சிவாஜி நகர் குஜிலியில் பழைய சாமான் தேடுங்கள். காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக், என்ஜின் ஆயில் ஆகியவற்றை நீங்களே மாற்றலாம், ஜே. சி. ரோடு கடைகளில் உங்கள் வண்டிக்கு உரியதைக் கேட்டு வாங்கினால் போதும். ரேடியேட்டரில் கூலண்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உட்புறம் துருப்பிடிக்கும். ஒரு நாள் என்ஜின் சூடேறி வழியில் நிற்கும். அது புத்தி கெட்ட சிக்கனம்தான். எனினும் பெரும்பாலும் அழப்போவது உங்கள் பணப்பை மட்டுமே.

பிரேக் ஆயில் அப்படிப்பட்டது அன்று. பலர் அதை, அளவு குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்ற வேண்டிய பொருளாகவே கருதுகிறார்கள். உண்மை என்ன? அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை, புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரையிலாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அவ்விதி கேட்கும் அளவே 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. மேலே புதிதாக ஊற்றுவதால் உள்ளே சேர்ந்த நீர் வெளியேறாது. முழுவதையும் வடித்துவிட்டே மாற்ற வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம்.

இந்த எண்களால் நமக்கு என்ன என்கிறீர்களா? பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி கடந்து தொப்பூர்க் கணவாயில் சேலத்தை நோக்கி இறங்குகிறோம். ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால், ஏறத்தாழ 9 லட்சம் ஜூல் ஆற்றல் எங்கேனும் போயாக வேண்டும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது! கியரைக் குறைத்து இறங்காமல் பிரேக்கை மட்டும் நம்பினால், அதில் பெரும்பகுதி சக்கரத்தருகே சேரும். பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். மிதி தரையைத் தொடும், வண்டியோ நிற்காது. சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தியதன் பயன் இது.

மற்றொன்று ஃபியூஸ். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கும் வித்தையை நம் மாணவர்களும் அறிவார்கள். மின்னோட்டம் மூன்று மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் ஒன்பது மடங்காகும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர்களே இதைச் செய்தால் என்ன சொல்வது? டயரும் அவ்வாறே. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயர் ஓடத் தகுதியற்றது. அதைக் காட்டப் பள்ளத்தினுள்ளேயே சிறு மேடுகளை வார்த்து வைத்திருக்கிறார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதோ, பிறரைக் கொல்லாவிட்டாலும் நம்மைக் கொல்லும்.

“இத்தனை நாள் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். ஆகாதது சான்று ஆகுமா? 1978இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று ஒசாகாவில் இறங்குகையில் வால் தரையில் உரசியது. பின்புறக் காற்றழுத்தத் தடுப்பைப் பழுது பார்த்தபோது, ஒரே தகடாக வைக்க வேண்டியதை இரண்டாக வெட்டி வைத்தார்கள். இரண்டு வரிசை ஆணிகள் தாங்க வேண்டிய சுமையை ஒரு வரிசை தாங்கியது. அந்த விமானம் அதன் பிறகு ஏழு ஆண்டுகள், 12,000 முறைக்கு மேல் பறந்தது, ஒன்றும் ஆகவில்லை! 1985 ஆகஸ்டு 12ஆம் நாள் அத்தடுப்பு கிழிந்தது. 520 பேர் மாண்டனர், நால்வரே பிழைத்தனர். தவறான பழுது உடனே தண்டிப்பதில்லை, காத்திருந்து தண்டிக்கிறது.

நம்மைத் தடுக்க அரசாங்கம் இருக்கிறதே என்று எண்ண வேண்டா. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதற்குப் பிறகே தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கிறார்கள். இடையில் நாம் வாங்கும் புகைச் சான்றிதழ் புகையைத்தான் அளக்கிறது, பிரேக்கை அன்று. பிரிட்டனில் 1960இல் தொடங்கிய சோதனை முறைப்படி, மூன்று வயதைக் கடந்த கார் ஆண்டுதோறும் பிரேக், டயர், ஸ்டியரிங் காட்டித் தேற வேண்டும். இங்கே அந்தச் சோதனையாளனின் நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் உட்கார வேண்டியது நம் மனச்சான்று ஒன்றே.

“பணம் இல்லாதவன் என்ன செய்வான்?” இது நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “காசு இல்லேன்னா வண்டிய நிறுத்தி வையி தம்பி. நிக்கிற வண்டி யாரையும் இடிக்காது” என்றார். இதைவிடத் தெளிவான விடையை எந்த நூலில் காண்போம்? வியாழக்கிழமை விவேக் நகர்க் குழந்தை இயேசு கோவிலைச் சுற்றிக் கூடும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு அதன் பொருள் புரியும். மெழுகுவத்தியும் கையுமாகத் தெருவைக் கடக்கும் தாய், எதிரே வரும் வண்டியின் பிரேக் ஆயிலுக்கு வயது என்ன என்று கேட்டுவிட்டா கடக்கிறாள்? நம்மை நம்பிக் கடக்கிறாள். அந்த நம்பிக்கையில் கை வைத்துச் சேர்க்கும் பணம் திருட்டுப் பணத்திற்கு ஒப்பாகும் என்பது என் துணிபு.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விடுமுறைக்கு முந்திய ஞாயிறு ஒன்றில், ஊருக்குக் கார் எடுத்துச் செல்வோர் அனைவரும் ஓரிடத்தில் கூடுவோம். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவருக்கு உரிய கூலி கொடுத்து அழைப்போம். பிரேக், டயர், ஸ்டியரிங், எரிபொருள் குழாய் என்னும் நான்கை மட்டும் சோதிப்போம். தலைக்கு ஆகும் செலவு ஒரு திரைப்படச் செலவை மிஞ்சாது. தேறாத வண்டிக்காரர்கள் பஸ்ஸில் போகட்டும். அதில் இழிவு ஒன்றும் இல்லை. இவ்வாண்டே தொடங்குவோமா, நண்பர்களே?