மூளைக்கும் வேண்டும் கொழுப்பு



கொலஸ்திரோல் என்றதும் மாரடைப்புத்தான் நினைவுக்கு வரும். ஆனால், உடல் எடையில் 2 சதவீதமேயான மூளையில் உடலின் கொலஸ்திரோலில் ஏறக்குறைய 20 சதவீதம் உண்டு. மின்வயருக்கு இறப்பர் உறை போல, நரம்பு இழைகளுக்குக் கொழுப்பாலான மயலின் உறை இருக்கிறது. அதற்கான கொலஸ்திரோலை மூளை இரத்தத்திலிருந்து எடுப்பதில்லை. தானே உற்பத்தி செய்கிறது.

மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில், எம்மைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்புக் கலங்களே இந்த உறையைத் தாக்குகின்றன. சிதைந்த கொழுப்பைத் துப்புரவுக் கலங்கள் விழுங்கி அகற்றினால்தான் புதிய உறை நன்கு வளரும். அது தேங்கினால் அழற்சி தணியாது.

கொலஸ்திரோலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் குளிசையை, நோய் முற்றிவரும் கட்டத்திலிருந்தோருக்குப் பிரித்தானியாவில் கொடுத்துப் பார்த்தார்கள். அது நோயைத் தடுக்கவில்லை என 2024இல் தெரியவந்தது. எனவே இந்நோய்க்காக அக்குளிசையைத் தேடவேண்டாம். இருதயத்துக்காகத் தந்திருந்தால் நிறுத்தவும் வேண்டாம்.

எமது நாட்டில் அரிதானாலும், இந்நோய் ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஒரு கண் மங்கல், கைகால் விறைப்பு, நடையில் தள்ளாட்டம் ஏற்பட்டு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், ‘பழைய காயத்தின் நோ’, ‘மனக்கவலை’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் நோயின் வேகத்தைக் குறைக்க மருந்துகள் உண்டு.