கடைசித் துண்டு மண்ணையும் கேட்கிறார்கள்

வீடில்லாமல் இத்தனை குடும்பங்கள் தவிக்கும் நாட்டில் முட்டைக்கோசுக்கு எதற்கு நகர நிலம் என்று கேட்கிறார் ஒரு கட்டுரையாளர். பிரிட்டனில் 'அலாட்மென்ட்' என்ற பெயரில் உள்ளாட்சிகள் குறைந்த வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகள், ஓய்வுபெற்ற சிலரின் பொழுதுபோக்காம். அவற்றை விற்று வீடு கட்ட வேண்டுமாம். வீட்டுப் பஞ்சம் உண்மை, அதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பஞ்சத்தைக் காட்டி, இருப்பவர்களிலேயே எளியவர்களிடம் போய் நிலம் கேட்பதுதான் அநியாயம்.

பொழுதுபோக்கு என்பவர் வரலாற்றைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஊருக்கே பொதுவாக இருந்த நிலங்களை வேலியடைத்துப் பெரும் நிலக்கிழார்கள் எடுத்துக்கொண்டார்கள். கையில் ஒன்றுமில்லாமல் நின்ற கூலிக் குடும்பங்களுக்குக் கிடைத்த சிறு ஈடுதான் இந்தத் துண்டுகள். ஒன்றின் வழக்கமான அளவு 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ ஆறு சென்ட். ஆறு வாக்காளர்கள் சேர்ந்து எழுதிக் கேட்டால் உள்ளாட்சி அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுச் சட்டம். அது உரிமையாக வந்தது. யாரோ மனமிரங்கிக் கொடுத்த சலுகை போல அதைப் பேசுவது தவறு.

அவருடைய வாதத்தின் அடித்தளமே பொய்த்துப்போகும் இடம் ஒன்று உண்டு. ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனின் பத்து நகர்ப்பகுதிகளின் பழைய வரைபடங்களை ஒப்பிட்டு 2020இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சென்ற நூற்றாண்டின் நடுவில் இருந்த தோட்ட நிலத்தில் 65 விழுக்காடு இன்று இல்லை. யாருடைய தோட்டம் போனது? வசதி மிகக் குறைந்த வட்டாரங்களில் ஏற்பட்ட இழப்பு, வசதி மிகுந்த வட்டாரங்களில் ஏற்பட்டதைப் போல எட்டு மடங்கு. வீட்டுக்குப் பின்னால் சொந்தக் கொல்லை வைத்திருப்பவரின் பக்கத்துத் தோட்டம் தப்பித்துக்கொண்டது. ஐந்தாவது மாடியில் ஜன்னலோரத் தொட்டியைத் தவிர மண்ணே இல்லாதவரின் தோட்டம் போய்விட்டது. இவ்வளவு நிலத்தை விழுங்கிய பிறகும் வீட்டுப் பஞ்சம் தீரவில்லை. மிச்சமிருப்பதையும் கொடுத்தால் தீரும் என்று எந்தத் துணிச்சலில் எழுதுகிறார்?

பெரிய தேவை வரும்போது சிறிய தேவை வழிவிட வேண்டும் என்பது அவருடைய அடுத்த வாதம். வாட்ஃபோர்டு நகரின் ஃபார்ம் டெரஸ் தோட்டக்காரர்களிடமும் இதைத்தான் சொன்னார்கள். 1896 முதல் பயிரிடப்பட்டு வந்த மண் அது. மருத்துவமனை வளாகத் திட்டத்துக்கு அந்த இடம் வேண்டும் என்றது நகராட்சி. மருத்துவமனையா கீரையா என்று கேட்டால் யார்தான் கீரை என்பார்கள்? அமைச்சர்களின் முதல் இரண்டு அனுமதிகள் நிலைக்கவில்லை, மூன்றாவது நிலைத்தது. 2016இல் உயர் நீதிமன்றத்தில் தோட்டக்காரர்கள் தோற்றார்கள். வாட்ஃபோர்டின் புதிய மருத்துவமனைக் கட்டுமானம் 2032க்கும் 2034க்கும் இடையில்தான் தொடங்கும் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. அவசரம் என்று சொல்லி வாங்கினார்கள். அந்த அவசரம் எங்கே?

மாற்று இடம் கொடுத்துவிட்டால் போதும் என்ற வரியைப் படித்தபோதுதான் எனக்கு மிகவும் கோபம் வந்தது. மண்வெட்டி பிடித்த யாரும் அப்படி எழுத மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் மக்கு உரமும் எருவும் போட்டு உருவாக்கிய மண்ணை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக முடியாது. லெஸ்டர் நகரில் சோதித்தபோது, சுற்றியுள்ள விளைநிலங்களைவிடத் தோட்டத் துண்டுகளின் மண்ணில் கரிமச் சத்து சுமார் 32 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கிழக்கு லண்டனின் மேனர் கார்டன் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் மக்கள் பயிரிட்டுக்கொள்ளட்டும் என்று ஆர்தர் வில்லியர்ஸ் என்ற கொடையாளர் சென்ற நூற்றாண்டில் ஒதுக்கிய நிலம் அது. துருக்கிய சைப்ரஸ் குடும்பங்கள் உட்படப் பலர் அங்கே பயிரிட்டார்கள், சேர்ந்து சமைத்து உண்டார்கள். சில வாரங்கள் நடக்கும் ஒலிம்பிக் போட்டிக்காக 2007இல் எல்லோரையும் வெளியேற்றினார்கள். கிடைத்த மாற்று இடத்தில் தண்ணீர் தேங்கியது. போட்டி முடிந்ததும் திரும்பி வரலாம் என்ற வாக்குறுதியும் முழுதாக நிறைவேறவில்லை. ஒரே தோட்டமாக இருந்தவர்கள் இரண்டு இடங்களாகப் பிரிந்தார்கள்.

சட்டப் பாதுகாப்பு இருக்கிறதே, எதற்கு இந்தக் கூச்சல் என்கிறார். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் படித்திருக்க வேண்டும். அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது என்பது அதில் இருக்கிறது. மாற்று இடம் தேவையில்லை என்றோ, ஏற்பாடு செய்வது நடைமுறையில் இயலாது என்றோ காட்டினால் ஒப்புதல் தரலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. தற்காலிகம் என்று பதிவான இடங்களுக்கும் தனியார் நிலத்தில் உள்ள தோட்டங்களுக்கும் அந்தப் பாதுகாப்புகூடக் கிடையாது. உள் லண்டன் நகராட்சிகளுக்குத் தோட்டம் ஒதுக்கித் தரும் கடமையே இல்லை. நெரிசலும் மாடி வீடுகளும் மிகுந்த இடத்தில்தான் சட்டம் கைவிட்டிருக்கிறது. 2024 தேர்தலுக்குப் பிறகு எட்டுத் தோட்டங்களை விற்க அரசு அனுமதித்த செய்தி வெளிவந்தபோது, எட்டுதானே என்று இவரைப் போன்றவர்கள் சமாதானம் சொன்னார்கள். அந்த 65 விழுக்காடும் இப்படி எட்டும் பத்துமாகப் போனதுதான்.

அதே ஷெஃபீல்டு ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. பறிபோன தோட்ட நிலத்தில் சுமார் கால்பங்கில் இன்னும் கட்டடம் எழவில்லை. அது பசும்புல்லாகக் கிடக்கிறது, மீண்டும் தோட்டமாக்கலாம், தோட்டத் துண்டு கேட்டுக் காத்திருப்போருக்கு அதிலிருந்தே துண்டுகள் கொடுக்கலாம். நகர நிலம் வீணாகிறது என்று இவ்வளவு எழுதியவர், அந்தக் கால்பங்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.