வந்து போகிறவருக்கும் பெயர் உண்டு!

டெலிவிஷன் சிரிப்புத் தொடர்களில் கதாநாயகன் யார், கதாநாயகி யார் என்று எல்லோருக்கும் தெரியும். நடுவில் ஒருவர் வருவார். கதவைத் தட்டுவார். முகத்தைச் சுளிப்பார். நாலு வார்த்தை பேசுவார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அவர் போய்விடுவார்.

அவர் பெயர் என்ன?

தெரியாது! "அதோ, அந்த ஆள்!" என்று விரலை நீட்டுவோம். அதோடு சரி.

இது நியாயம் அல்ல. சிரிப்பில் பாதி அவர் தந்தது. புகழிலும் பணத்திலும் அவருக்குப் பங்கு வேண்டாமா?

4 பேர் போதுமா?

அமெரிக்காவில் 1951 முதல் 1957 வரை 'ஐ லவ் லூசி' என்ற தொடர் நடந்தது. லூசி, அவள் கணவன் ரிக்கி, பக்கத்து வீட்டுத் தம்பதி. முக்கியமானவர்கள் இந்த 4 பேர்தான்.

வாரா வாரம் அதே வீடு. அதே முகங்கள். புதிய வம்பு எங்கிருந்து வரும்? வெளியில் இருந்துதான் வரவேண்டும். அதைக் கொண்டு வருகிறவர்தான் இந்த 'விருந்தாளி' நடிகர்.

1952-ல் வந்த ஒரு கதை. லூசியும் பக்கத்து வீட்டு எத்தலும் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேருகிறார்கள். ஓடும் பட்டையில் சாக்லெட் வருகிறது. அதற்குக் காகிதம் சுற்ற வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை போய்விடும்!

பட்டை வேகமாக ஓடுகிறது. கை ஓயவில்லை. சாக்லெட்டை வாயில் அடைக்கிறார்கள். தொப்பிக்குள் ஒளிக்கிறார்கள். மேற்பார்வைக்காரி வந்து பார்க்கிறாள். பட்டையில் ஒரு சாக்லெட்கூட மிச்சம் இல்லை. "பலே!" என்று நினைத்து, இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறாள்!

அந்த மேற்பார்வைக்காரியாக நடித்தவர் எல்வியா ஆல்மன். அவர் சிரிக்கவில்லை. சேட்டை செய்யவில்லை. நிஜமான அதிகாரியைப் போல அதட்டினார். அந்த அதட்டலுக்கு லூசி பயந்தாள். அதனால்தான் நமக்குச் சிரிப்பு வந்தது. அவரும் கோமாளித்தனம் செய்திருந்தால் காட்சியே கெட்டிருக்கும்.

102 வயது வாழ்ந்த 'கடுகடுப்பு'

சார்லஸ் லேன் என்று ஒரு நடிகர். ஒல்லியான உடம்பு. மூக்குக் கண்ணாடி. கடுகடுத்த முகம். வரி வசூலிக்கிறவர், குமாஸ்தா, கடன் கேட்டு வருகிறவர் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நடிக்க வருவதற்கு முன்பு அவர் இன்ஷூரன்ஸ் வேலை பார்த்தவர்!

1953 ஜனவரி 19-ந்தேதி லூசிக்குக் குழந்தை பிறக்கும் கதை ஒளிபரப்பானது. ஆஸ்பத்திரியில் ரிக்கி தவியாய்த் தவிக்கிறான். பக்கத்தில் சார்லஸ் லேன் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் ஏற்கனவே பெண் குழந்தைகள். இந்தத் தடவையாவது மகன் பிறப்பானா என்று காத்திருக்கிறார். நர்சு வருகிறாள். ஒரே பிரசவத்தில் 3 பெண்கள்! அந்த முகத்தைப் பார்த்துக் கோடிக்கணக்கானவர்கள் சிரித்தார்கள்.

2005-ல் அவருக்கு 100 வயது. ஒரு விருது விழாவில் அவரைக் கவுரவித்தார்கள். "இப்போதும் நடிக்கத் தயார்" என்ற பொருளில் அவர் பேசினார். மண்டபமே கை தட்டியது. 2007-ல், 102-வது வயதில் காலமானார்.

67 வயதில் புது வேலை

பர்ட் மஸ்டின் கார் விற்றுக்கொண்டிருந்தவர். 1951-ல், 67-வது வயதில் சினிமாவுக்கு வந்தார். கிழவர் வேஷம் என்றால் அவர்தான் என்று ஆயிற்று. 'லீவ் இட் டு பீவர்' தொடரில், சிறுவனுக்கு நல்ல வார்த்தை சொல்லும் தீயணைப்பு நிலையத் தாத்தா அவரே.

1976 டிசம்பரில் 'பிலிஸ்' என்ற தொடரில் அவருக்குக் கல்யாணம் நடக்கும் காட்சி வந்தது. மணப்பெண்ணாக நடித்த மூதாட்டி ஜூடித் லவுரி, அதற்குச் சில நாள் முன்பே இறந்துவிட்டார். மஸ்டினும் அடுத்த மாதம் 92 வயதில் மறைந்தார். கடைசி வரை மக்களைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனவர்கள் இவர்கள்.

"சின்ன வேஷம்தானே?"

"சின்ன வேஷம்தானே, யார் போட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

'ஆண்டி கிரிபித்' தொடரில் மொத்தம் 249 பகுதிகள். அதில் ஜன்னலில் கல்லெறியும் முரடனாக ஹோவர்டு மாரிஸ் வந்தது 5 பகுதிகளில்தான். அந்த 5 பகுதிகளை ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. யார் போட்டாலும் இப்படி நடக்குமா?

கதாநாயகனுக்கு ஆண்டுக் கணக்கில் நேரம் இருக்கிறது. இன்று மனதில் பதியாவிட்டால் அடுத்த வாரம் பதியலாம். விருந்தாளி நடிகருக்குக் கிடைப்பது 2 நிமிடம், 3 நிமிடம். அதற்குள் "இவர் இன்னார்" என்று புரிய வைக்க வேண்டும். இதுவா சின்ன வேலை?

கூலி எங்கே?

இனி பண விஷயத்துக்கு வருவோம்.

'ஐ லவ் லூசி'யைப் படச்சுருளில் எடுத்தார்கள். அதனால் திரும்பத் திரும்ப ஒளிபரப்ப முடிந்தது. சில நாள் நடிப்பு, பல ஆண்டு வருமானம் ஆனது. யாருக்கு வருமானம்? நடிகருக்கு அல்ல!

அந்நாள் ஒப்பந்தப்படி, மறு ஒளிபரப்பில் முதல் சில தடவைகளுக்குத்தான் நடிகருக்குப் பணம் உண்டு. பிறகு நூறு தடவை காட்டினாலும் கிடையாது. 1974-ல் நடிகர் சங்கம் செய்த ஒப்பந்தத்தில்தான், காட்டும் தடவையெல்லாம் பங்கு என்ற நிலை வந்தது. அதற்கு முன்பு நடித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. கதாநாயகர் வேறு வழியில் சம்பாதித்துக் கொள்வார். அன்றாடக் கூலிபோல நடித்தவர் என்ன செய்வார்?

சிலருக்குப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. கேத்லீன் பிரீமன் என்ற நடிகை, எத்தனையோ சிரிப்புத் தொடர்களில் வந்தவர். 1952-ல் வந்த 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தில், நடிகைக்குப் பேச்சுப் பழக்கும் ஆசிரியையாக அவர் தோன்றினார். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை! ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. 2001-ல் இறப்பதற்குச் சில நாள் முன்பு வரை நாடக மேடையில் நடித்துக்கொண்டிருந்தார்.

நாம் என்ன செய்யலாம்?

இப்போது செல்போனிலும் படம் பார்க்கிறோம். கதை முடிந்து பெயர்கள் வரும்போது, அவை மூலையில் சுருங்கிவிடுகின்றன. அடுத்த கதை தானாக ஓடத் தொடங்குகிறது. இருக்கிற ஒரே மரியாதையும் போகிறது! பெயர்களை முழுத் திரையில் காட்டுவதுதான் முறை. படம் காட்டும் கம்பெனிகள் இதைச் செய்ய வேண்டும்.

நாமும் ஒன்று செய்யலாம். கதை முடிந்ததும் எழுந்து போகாதீர்கள். ஒரு நிமிடம் உட்காருங்கள். வீட்டில் படிக்கப் பழகும் குழந்தை இருந்தால், அந்தப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். "கடன் கேட்டு வந்தாரே, அவர் பெயர் இதுதான்" என்று காட்டுங்கள்.

நம்மைச் சிரிக்க வைத்தவரைப் பெயர் சொல்லி அழைப்போம். அதற்குக் காசு செலவு இல்லை!