எட்டு கிலோவும் ஐந்து கிலோவும்

துவைப்பதையும் உலர்த்துவதையும் ஒரே வயிற்றுக்குள் செய்து முடிக்கும் இயந்திரத்தை வாங்கலாமா என்ற கேள்வி, ஐப்பசி பிறந்ததும் எங்கள் துறையின் ஓய்வறையில் ஆண்டுதோறும் எழும். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கொடியில் காயும் சேலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அதைப் பிழிந்து மூன்று மாடி சுமந்து சென்றவர் யார் என்று கேட்டது குறைவு. ஆகவே இதைப் பேசுவதில் பிழையில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் தமிழ்நாட்டுக் குடும்பத்திற்கு இந்த இரட்டை இயந்திரம் பெரும்பாலும் வேண்டாதது. வேண்டியவர்களும் உண்டு, அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விளம்பரம் தரும் வாக்கு ஒன்றுதான்: இரவில் பொத்தானை அழுத்திவிட்டு உறங்கலாம், காலையில் உலர்ந்த துணியை எடுத்து மடிக்கலாம். இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தாலே இந்த வாக்கு எங்கே பொய்க்கிறது என்பது தெரியும். துவைக்க 8 கிலோ, உலர்த்த 5 கிலோ என்றிருக்கும். 9க்கு 6, 10.5க்கு 7 என்றும் உண்டு. ஈரத்துணி உலர வேண்டுமானால் வெப்பக் காற்றினூடே புரண்டு விழ அதற்கு வெற்றிடம் தேவை. அதே டிரம் துவைக்கும்போது கொள்ளும் அளவை உலர்த்தும்போது கொள்ளாது. எனவே முழு அளவு துணி போட்டால், துவைப்பு முடிந்ததும் யாரோ எழுந்து வந்து 3 கிலோ ஈரத்துணியை வெளியே எடுத்து, மீதியை உள்ளே விட்டு, மறுபடி பொத்தானை அழுத்த வேண்டும். எடுத்த 3 கிலோவைக் கொடியில்தான் போடவேண்டும். அந்த ‘யாரோ’ யார் என்பதை நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. இல்லையேல் ஒவ்வொரு முறையும் 5 கிலோ மட்டுமே துவைக்க வேண்டும். துவைத்து உலர ஐந்தாறு மணி நேரம்கூட ஆகும். நால்வர் உள்ள வீட்டில் போர்வையும் துண்டும் சேர்ந்தால் வாரம் முழுதும் அது ஓடிக்கொண்டேயிருக்கும்.

மின்சாரக் கணக்கு எளியது. நன்றாகச் சுழற்றிப் பிழிந்த 5 கிலோ பருத்தித் துணியில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் நீர் தங்கியிருக்கும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க இயற்கை கேட்கும் விலை சுமார் 0.63 யூனிட். அதாவது ஒன்றரை யூனிட்டுக்கு மேல் தவிர்க்கவே முடியாதது. டிரம்மும் காற்றும் சூடாகும் விரயத்தைச் சேர்த்தால் மூன்று யூனிட்டை எட்டிவிடும். 75 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் ஆவது முக்கால் யூனிட். நம் மின்கட்டணம் இருமாதக் கணக்கில், படிப்படியாக ஏறுவது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண மாற்றத்தில், 500 யூனிட்டைத் தாண்டியவருக்குக் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் சேர்ந்து போயிற்று. அந்த விளிம்பில் நிற்கும் குடும்பத்திற்கு மூன்று யூனிட் சிறிய எண்ணன்று.

தண்ணீர்க் கணக்கைக் கடைக்காரர்கள் சொல்வதேயில்லை. துணியிலிருந்து எழும் ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்க, பல மாதிரிகள் குழாய்த் தண்ணீரையே ஓடவிடுகின்றன. உலர்த்துவதற்காகப் பல குடம் நல்ல நீர் சாக்கடைக்குப் போகிறது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, லாரியின் பின்னே குடத்தோடு ஓடிய சென்னையில் இதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை. காற்றினாலோ வெப்ப ஏற்றியினாலோ இயங்கும் வகைகள் உண்டு. நீரை இப்படிச் செலவழிப்பதில்லை. ஆனால் வெப்ப ஏற்றி வகையின் விலை சிக்கனக்காரருக்கு எட்டாது.

நீரென்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. புறநானூற்று 311ஆம் பாடலில் ஔவையார், களர்நிலத்தில் கூவல் தோண்டி நாள்தோறும் வெள்ளாடை வெளுக்கும் புலைத்தியைக் காட்டுகிறார். உவர்மண் அழுக்கைப் போக்கும் என்று அறிந்த கை அது. வகுப்பில் நாம் வீரனின் ஆடை வெண்மையை விளக்குவோம், அவளைக் கடந்து போவோம். நம் ஆழ்துளைக் கிணற்றின் உப்போ வேறு வகை. அது இயந்திரத்தின் வெப்பக் கம்பியில் சுண்ணாம்பாகப் படியும். அதோடு உலர்த்தும்போது உதிரும் பஞ்சு உள்வழிகளில் ஒட்டிக்கொண்டால் பழுது தொடங்கும்.

பழுதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டாருக்கு 10 ஆண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். மோட்டார் எளிதில் கெடுவதில்லை. கெடுபவை பேரிங், பம்ப், மின்னணுப் பலகை, கதவின் ரப்பர் வளையம். இவற்றுக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதைச் சிறிய எழுத்தில் தேட வேண்டும். பல மாதிரிகளில் தொட்டி பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருப்பதால், பேரிங் போனால் தொட்டி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். தவிர, இரண்டு வேலை ஒரே இயந்திரத்தில் என்றால் ஒன்று நின்றாலும் முழு இயந்திரமும் பட்டறைக்குப் போகும்.

அப்படியானால் மொட்டைமாடியும் வெயிலும் போதும் என்கிறேனா? இல்லை. வெயிலில் காய்ந்த துணியின் மணத்தைக் கவிதையாக்கும் ஆண் எழுத்தாளர்கள்மீது எனக்குச் சற்றே கோபம் உண்டு. மழை தூறியதும் படியேறி ஓடுவது அவர்கள் அல்லர். கார்த்திகையில் ஈரவாடை மாறாத சீருடையைப் பிள்ளைக்கு மாட்டி அனுப்பும் தாய்க்கு மணம் பற்றிய வரி உதவாது. அவளுக்கு உதவுவது பிழிதிறன். நிமிடத்திற்கு 1200 முதல் 1400 சுற்று சுழலும் முன்கதவு இயந்திரம் ஒன்றை வாங்கி, சாளரம் திறந்த அறையில் மின்விசிறியின் கீழ் மடக்குக் கொடி போட்டால், அடைமழையிலும் மெல்லிய துணி மறுநாள் காய்ந்திருக்கும். அதற்கும் பணம் போதாதென்றால் இருதொட்டி செமி ஆட்டோமேட்டிக்கே நல்லது. தெருமுனை மெக்கானிக்குக்கூட அதன் உள்ளம் தெரியும். அதன் பிழியும் தொட்டியை நம் கடைகளில் ‘டிரையர்’ என்றே சொல்லி விற்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். அதில் வெப்பம் கிடையாது.

படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பராமரிக்கும் வீடு, கொடி கட்டத் தடை போட்ட குடியிருப்பு, மாடியேற முடியாத முழங்கால்: இவர்களுக்கு இரட்டை இயந்திரம் ஆடம்பரமன்று, அவர்கள் கடன் பட்டேனும் வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் இவ்வகை இயந்திரங்களுக்குத் துவைப்புக்கு ஒரு தரமும், துவைத்து உலர்த்துவதற்கு ஒரு தரமுமாக இரண்டையும் அருகருகே அச்சிடச் சட்டம் இருக்கிறது. முதலாவதில் உயர்ந்தது இரண்டாவதில் தாழ்ந்திருப்பதைப் பார்க்கலாம். இங்கே வாங்குபவர் கடையில் வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்: உலர்த்தும் எடை எவ்வளவு, குளிர்விப்பது நீரா காற்றா, பஞ்சை எங்கிருந்து எடுப்பது, பலகை போனால் என்ன விலை, பழுது பார்ப்பவர் இந்த ஊரிலேயே இருக்கிறாரா. கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வரும் கடையில் வாங்குங்கள், விலை ஆயிரம் கூடினாலும்.