கண்டும் காணாமல் போவதுதான் விவேகமா?

வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் பிள்ளைக்கு நம் இல்லங்களில் சொல்லப்படும் அறிவுரைகளைத் தொகுத்தால் ஒரு சிறு நூலே ஆகும். கடவுச்சீட்டின் நகலைத் தனியே வைத்துக்கொள், கோயிலை மறவாதே, கூடாநட்புக் கொள்ளாதே, மாதந்தவறாமல் வீட்டுக்கு அனுப்பு. எல்லாம் நல்லவையே. இவற்றோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "சாலையில் விபத்து நடந்து ஆள் கிடந்தால் நிற்காதே. தொடாதே. பார்க்காததுபோல் போய்விடு. அது நம் ஊரல்ல." வளைகுடா நாடுகளில் பத்தாண்டு, பதினைந்தாண்டு உழைத்துத் திரும்பிய பெரியவர்கள் இதைச் சொல்கிறார்கள், தாய்மார்கள் தலையசைக்கிறார்கள். பயண ஆசீர் பெறப் பங்கு இல்லத்துக்கு வரும் இளைஞர்களும் தமக்குக் கிடைத்த ஞானமொழிகளுள் ஒன்றாகவே இதை என்னிடம் ஒப்புவிக்கிறார்கள்.

இந்த அறிவுரை தவறானது என்பதே என் வழக்கு. அறநெறியளவில் மட்டுமன்று, நடைமுறையளவிலும் தவறானது.

இதைச் சொல்வோரைக் கல்நெஞ்சர் என்று தள்ளிவிட நான் ஆயத்தமாயில்லை. அவர்களுடைய அச்சத்துக்கு வேர் உண்டு. மொழி தெரியாத நாடு. வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பதுகூடப் புரியாமல் கையொப்பமிட வேண்டி வரலாம். சட்டம் தடுத்திருந்தும் கடவுச்சீட்டை முதலாளியே வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போகும். காவல் நிலையத்தில் காணப்பட்டவன் என்ற பெயர் வந்தால் வேலையே போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாகக் 'குருதிப்பணம்' என்ற சொல் அவர்களை நடுங்க வைக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் விபத்தால் ஓர் உயிர் போனால், அதற்குக் காரணமானவர் இறந்தவரின் குடும்பத்துக்குச் செலுத்தும் ஈட்டுத்தொகை 2 இலட்சம் திர்ஹாம். ஒரு கட்டடத் தொழிலாளி வாழ்நாளெல்லாம் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை. "தூக்கிவிடப் போனவனையே இடித்தவன் என்று சொல்லிவிட்டால்?" என்பது அவர்கள் கேள்வி.

கேள்வி நியாயமானதே. ஆனால் குருதிப்பணம் விபத்துக்குக் காரணமானவருக்கு உரியது. பெரும்பாலும் வாகனக் காப்பீட்டு நிறுவனமே அதைச் செலுத்துகிறது. உதவியவர் தலையில் அதைச் சுமத்தும் சட்டம் அங்கில்லை. அச்சமோ சட்டப் புத்தகத்தைப் படித்து வளர்வதில்லை. கதை கேட்டு வளர்கிறது. அது எப்படி வளர்கிறது என்பதைச் சீனாவில் நடந்த ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது.

2006 நவம்பரில் நான்ஜிங் நகரின் பேருந்து நிறுத்தமொன்றில் ஒரு மூதாட்டி விழுந்து கிடந்தார். ஓர் இளைஞர் தூக்கிவிட்டு மருத்துவமனை வரை உடன் சென்றார். தன்னை இடித்துத் தள்ளியவரே அவர்தாம் என்று மூதாட்டி வழக்குத் தொடுத்தார். 2007-இல் தீர்ப்பு வந்தது: இளைஞர் 45,876 யுவான் கொடுக்க வேண்டும். தொகையை மறந்துவிடலாம், தீர்ப்பின் தருக்கத்தைத்தான் மறக்க முடியாது. இடிக்காதவராயிருந்தால் அவர் ஏன் உதவியிருக்கப் போகிறார், அது பொது அனுபவத்துக்கு ஒவ்வாதே என்ற போக்கில் நீதிமன்றம் வாதிட்டது. அதாவது, உதவி செய்ததே குற்றத்துக்குச் சான்றாயிற்று! அன்பு என்பது இயல்பில் இல்லாத பொருள், அது தென்பட்டால் பின்னால் ஏதோ குற்றம் ஒளிந்திருக்கிறது என்பதே இத்தருக்கத்தின் அடித்தளம்.

பிறகு என்ன ஆயிற்று? நாடெங்கும் "உதவாதே" என்பது பழமொழி போலாயிற்று. 2011 அக்டோபரில் ஃபோஷான் நகரக் கடைத்தெருவில் இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றின்மேல் அடுத்தடுத்து இரண்டு வண்டிகள் ஏறின. 18 பேர் அக்குழந்தையைக் கடந்து போனதைக் கண்காணிப்புக் கருவி பதிவு செய்தது. குப்பை பொறுக்கிப் பிழைக்கும் பெண்ணொருத்தியே குழந்தையைத் தூக்கினார். சில நாள்களில் குழந்தை இறந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நான்ஜிங் நகர அதிகாரி ஒருவர் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது: அந்த இளைஞர் மூதாட்டிமீது உண்மையாகவே மோதியதை ஒப்புக்கொண்டிருக்கிறாராம், மேல்முறையீட்டில் இரு தரப்பும் சமரசம் செய்து, விவரங்களை வெளியிடாமலிருக்க உடன்பட்டதால் உண்மை அதுவரை வெளிவரவில்லையாம். ஒரு நாட்டையே உதவ அஞ்சவைத்த கதை, அந்நாட்டார் நம்பியபடி நடந்ததே இல்லை! 2017-இல் சீனம் தன் உரிமையியல் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது: அவசர நிலையில் தானே முன்வந்து உதவியவர், அவ்வுதவியால் நேரும் தீங்குக்குப் பொறுப்பாளியல்லர். பத்தாண்டுகள் கழித்து வந்த அந்தச் சட்டத்தால் கடைத்தெருக் குழந்தைக்குப் பயனில்லை.

நம்மவர் சொல்லும் கதைகளும் இத்தகையவையே. "எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்தவர்" என்றுதான் தொடங்குகின்றன. சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல, நம் நாட்டில் கண்ட அனுபவத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோனவை. இங்கே நீண்ட காலம், அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவர்தாம் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தார். சட்ட நடைமுறைகளுக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை அளிப்பது மருத்துவரின் கடமை என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் நிலைமை மாறவில்லை. 2016 மார்ச்சில் அதே நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்குக் கட்டாயத் தன்மை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-அ என்ற பிரிவு சேர்ந்தது. இன்று உதவியவர் தம் பெயரைச் சொல்லக்கூட வேண்டியதில்லை. ஆனால் 1990-இல் துபாய்க்குச் சென்றவரின் மனத்தில் 1990-ஆம் ஆண்டின் இந்தியக் காவல் நிலையமே இன்னும் இருக்கிறது.

இனி, 'விவேகம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, தலையான நற்பண்புகள் நான்கினுள் விவேகத்தை முதலாவதாக வைத்துப் படித்தோம். நன்மையை அடையச் சரியான வழியைத் தேர்ந்துகொள்ளும் ஆற்றலே விவேகம். நன்மையை விட்டு ஓடும் வழியைத் தேர்ந்துகொள்வது அதன் போலி. தூய தோமா அக்குவினா இப்போலிக்குத் தம் இறையியல் தொகுப்பில் தனி இடம் ஒதுக்கி, தூய பவுல் அடிகளாரின் சொல்லால் அதை 'ஊனியல்பின் விவேகம்' என்கிறார். நாளையைப் பற்றிய மட்டுமீறிய கவலையையும் அவர் அதே இடத்தில் வைத்துப் பேசுவது கவனிக்கத்தக்கது. விசா புதுப்பிக்கப்படுமா என்ற கவலையை அவர் அறிந்திருக்கமாட்டார். ஆயினும் அதன் குணத்தை அறிந்திருந்தார்.

"சாமி, நல்ல சமாரியர் உவமையெல்லாம் மறையுரைக்குச் சரி, அவர் தம் ஊரில் செய்தார், நாங்கள் அந்நிய நாட்டிலல்லவா இருக்கிறோம்?" என்று கேட்டவர் உண்டு. லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை இவர்கள் இன்னொரு முறை படிக்கட்டும். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலை யூதேயாவில் உள்ளது. சமாரியர் அங்கே அந்நியர். இயேசு குணமாக்கிய பத்துத் தொழுநோயாளருள் நன்றி சொல்லத் திரும்பி வந்த சமாரியரை அவரே அந்நியர் என்றுதான் குறிப்பிடுகிறார். ஆகவே உவமையில் வெளிநாட்டில் இருந்தவர் உதவியவரே; கடந்துபோன குருவும் லேவியரும்தாம் உள்ளூர்க்காரர்கள்.

இடர் யாருக்கு மிகுதி என்று எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவுக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழிறங்கும் மலைப்பாதை; கள்வர் இன்னும் அருகிலேயே இருக்கக்கூடும். குற்றுயிராய்க் கிடந்தவரைத் தம் விலங்கின்மேல் ஏற்றிக்கொண்டு, பகை இனத்தார் நடுவே ஒரு சமாரியர் சாவடிக்குள் நுழைகிறார். "அடித்துப் போட்டவன் இவனே" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவரோ ஓசையின்றி வாசலில் இறக்கிவிட்டு மறையவில்லை. இரவு தங்கினார். மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்தார். திரும்பி வருவதாகவும் சொன்னார். தம் முகத்தைச் சாவடிக்காரரிடம் பிணையாக வைத்துவிட்டுப் போனார் என்றே சொல்லலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபரில் கையொப்பமிட்ட 'ஃபிரத்தெல்லி தூத்தி' சுற்றுமடலில் ஓர் அதிகாரம் முழுவதையும் இந்த உவமைக்கே அளித்திருக்கிறார்.

(குருவும் லேவியரும் என்றதும் பொதுநிலையினர் சிலர் முகத்தில் புன்னகை அரும்புவதை அறிவேன். அவர்கள் மகிழ இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து இரு உளவியலார் நடத்திய ஆய்வு 1973-இல் வெளிவந்தது. வழியில் ஒருவர் துவண்டு கிடக்கும்படி ஏற்பாடு செய்திருந்தனர். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்ட மாணவருள் நின்று உதவியோர் 10 விழுக்காட்டினரே. அம்மாணவர்களில் ஒரு பகுதியினர் அப்போது உரையாற்றச் சென்றுகொண்டிருந்த தலைப்பு, நல்ல சமாரியர்!)

சட்டத்தைப் பற்றியும் நம்மவர் கேள்வியறிவு பழையதாயிற்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2020 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சட்டத் திருத்தங்களுள், நல்லெண்ணத்தோடு உதவ முற்பட்டவர் அம்முயற்சியில் தீங்கு நேர்ந்தாலும் தண்டனைக்குரியவரல்லர் என்பதும் ஒன்று. அங்கே உண்மையில் தண்டிக்கப்படுவது எது தெரியுமா? விபத்திடத்தைச் சூழ்ந்து வேடிக்கை பார்த்துப் போக்குவரத்தைத் தடுத்தால் 1,000 திர்ஹாம் அபராதம். அடிபட்டுக் கிடப்பவரைப் படமெடுத்துப் பரப்பினால், 2021-ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையும், ஒன்றரை இலட்சம் முதல் ஐந்து இலட்சம் திர்ஹாம் வரை அபராதமும் விதிக்கலாம். கையால் தொட அஞ்சும் நம் இளைஞர், கைப்பேசியால் தொட மட்டும் ஏன் அஞ்சுவதில்லை?

ஐரோப்பாவில் வாழும் தமிழர்க்கோ நிலைமை முற்றிலும் வேறு. அங்கே நிற்காமல் போவதே குற்றம். உயிராபத்தில் இருப்பவருக்குத் தம்மால் இயன்ற உதவியைச் செய்யாதவருக்குச் சுவிட்சர்லாந்தில் மூன்றாண்டு வரை சிறை. செர்மனியில் ஓராண்டு வரை. பிரான்சில் ஐந்தாண்டும் 75,000 யூரோவும் வரை. 1997 ஆகஸ்டில் பாரிஸ் நகரச் சுரங்கப்பாதையில் இளவரசி டயானா இறந்த விபத்தில், பின்தொடர்ந்த படப்பிடிப்பாளர்கள்மீது நடந்த விசாரணையில் உதவாக் குற்றமும் ஒன்றாக இருந்தது. பின்னர் வழக்குத் தள்ளுபடியானது வேறு செய்தி. திருப்பலித் தொடக்கத்தில் கடமையில் தவறியதையும் பாவமென்று அறிக்கையிடும் நமக்கு இச்சட்டங்கள் புதுமையாகத் தோன்றக் கூடாது.

எனவே, இடரே இல்லை என்கிறேனா? இல்லை. இடர் வேறிடத்தில் இருக்கிறது என்கிறேன். 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 33 மீட்டர் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் பதற்றத்தோடு குறுக்கே ஓடுகிறவரைக் காவலர் பிடிப்பதற்கு முன் பின்னால் வரும் சரக்குந்து பிடித்துவிடும். ஆகையால் வண்டியை விபத்திடத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, சாலையை விட்டு விலகி நின்று முதலில் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அடுத்த இடர், அறியாமையால் செய்யும் உதவி. கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினால், நடந்து வீடு திரும்பியிருக்க வேண்டியவர் முடமாகிவிடலாம். தீப்பிடிக்கும் நிலை போன்ற உடனடி ஆபத்து இல்லாவிட்டால் அசைக்கக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரத்தம் பீறிட்டால் துணியால் அழுத்திப் பிடிக்கலாம். அருகிலிருந்து பேசிக்கொண்டிருக்கலாம், மொழி தெரிய வேண்டியதில்லை.

கடினமான ஒரு வினா மீதியிருக்கிறது. முதலாளியின் கொடுமை தாங்காது ஓடிவந்து ஆவணமின்றி ஒளிந்து வாழ்பவர், காலாவதியான அனுமதியோடு இருப்பவர், வீட்டுப் பணிப்பெண் ஆகியோர் நின்றால் உண்மையாகவே சிறை காத்திருக்கலாம். இவர்கள் கடந்துபோவதைக் குருவும் லேவியரும் கடந்துபோனதோடு ஒப்பிட எனக்கு மனமில்லை. "செய்யாதே" என்னும் கட்டளைகள் எந்தக் கணமும் கட்டும்; "செய்" என்னும் கட்டளைகள் எப்போதும் கட்டுமாயினும் ஒவ்வொரு கணத்திலும் ஒரே அளவில் கட்டா என்பது அறநெறி இறையியலின் பழைய பாடம். மேற்சொன்ன பிரெஞ்சு, செர்மானியச் சட்டங்களும் தன்னுயிரைப் பெரும் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும்படி யாரையும் கேட்கவில்லை. ஆவணமில்லாதவர் வேறொரு வண்டியை மறித்து நிறுத்திவிட்டு நகரலாம். அருகிலுள்ள கடைக்காரரை அழைக்கச் சொல்லலாம். அவரிடம் இவ்வளவு கேட்கலாம். இதற்குமேல் கேட்க நமக்கு உரிமையில்லை. ஆனால் முறையான விசாவும் ஓட்டுநர் உரிமமும் நல்ல ஊதியமும் கொண்டவர்கள், அந்த ஏழையின் அச்சத்தை இரவல் வாங்கித் தம் சோம்பலுக்குப் போர்த்திக்கொள்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் இந்த அறிவுரையாளர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வளைகுடாச் சாலைகளில் நடந்து கடப்பவர் யார்? மிதிவண்டியில் பொருள் கொண்டு செல்பவர் யார்? தொழிலாளர் முகாமிலிருந்து விடியுமுன் பேருந்தில் அடைபட்டுப் போகிறவர் யார்? நம் பிள்ளைகள், நம் பிள்ளைகளைப் போன்ற வங்காளியர், நேப்பாளியர், பாகிஸ்தானியர். "நிற்காதே" என்று நாம் நம் மகனுக்குச் சொல்லும் அதே வேளையில் பெஷாவரிலும் டாக்காவிலும் அதே சொல்லை அவரவர் மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நம் மகன் விழுந்து கிடக்கும்போது கடந்துபோகிறவர் அவர்களாக இருப்பார்.

பயண ஆசீர் கேட்டு வருவோருக்குச் செபமாலையும் புனிதர் படமும் கொடுத்து அனுப்புகிறோம். கொடுப்போம். அதோடு, நம் மறைமாவட்டத்துப் பங்குகள் ஒவ்வொன்றிலும் வெளிநாடு செல்வோர்க்கு அரை நாள் முதலுதவிப் பயிற்சி வைக்க வேண்டுமென்று கேட்கிறேன். நம் கத்தோலிக்க மருத்துவமனைகளில் பணியாற்றும் செவிலியர் சகோதரிகள் மனமுவந்து வருவார்கள். செலவு தேநீர்ச் செலவே. புனிதர் படத்தின் பின்புறம் வெறுமையாகத்தானே இருக்கிறது? அங்கே இந்த எண்களை அச்சிடலாம்: ஐக்கிய அரபு அமீரகத்தில் காவல்துறை 999, அவசர ஊர்தி 998, சவுதி அரேபியாவில் அவசர ஊர்தி 997, கத்தாரிலும் பகுரைனிலும் 999, குவைத்தில் 112, ஓமானில் 9999, சிங்கப்பூரில் அவசர ஊர்தி 995, மலேசியாவில் 999, ஐரோப்பிய நாடுகளில் 112.