கருணைக் கம்பளியும் எங்கட கடலும்

புத்தளத்துக் கரையில் யாரும் கம்பளி உடுப்பதில்லை. வாடைக் காற்று அடித்தாலும் சாரமும் ரீசேர்ட்டும் போதும். நுவரெலியாவுக்கு ட்ரிப் போகும்போதுதான் சுவெட்டர் தேடி அலைவோம். இப்ப அப்படித் தேடினால், ஆட்டை வதைக்காத கம்பளி, கருணையான கம்பளி என்று விளம்பரங்கள் வந்து விழுகின்றன. உள்ளே தைத்திருக்கும் சின்ன லேபலைப் பார்த்தால் நூறு வீதம் அக்ரிலிக்.

அக்ரிலிக் என்றால் பெற்றோலியத்தில் இருந்து செய்த பிளாஸ்டிக் நூல். பொலியெஸ்டரும் அதே குடும்பம்தான். அதற்குப் போய் கருணை என்று பெயர் வைப்பதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

முதலில் நியாயத்தைக் கதைப்போம். கம்பளி பாவமறியாத பொருள் இல்லை. ஈப்புழு பிடிக்கக்கூடாது என்று அவுஸ்திரேலியாவில் மெரினோ ஆடுகளின் வாலடித் தோலை வெட்டி எடுக்கிறார்கள். மியூல்சிங் என்று அதற்குப் பெயர். நியூசிலாந்து 2018இல் அதைத் தடை செய்துவிட்டது. ஆடுகள் வெளிவிடும் மீதேன் வேறு பூமியைச் சூடாக்குகிறது. இதையெல்லாம் எதிர்ப்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை.

அந்த இரக்கம் ஆட்டுப்பட்டியோடு நின்றுவிடுகிறதே, அங்கேதான் சண்டை. உலகில் உற்பத்தியாகும் இழைகளில் கம்பளி சுமார் 1 வீதம்தான். பொலியெஸ்டர் மட்டும் பாதிக்கு மேல். 6 கிலோ அக்ரிலிக் துணியை மெஷினில் ஒருமுறை கழுவினால் 7 இலட்சத்துக்கும் அதிகமான நுண்ணிழைகள் கழன்று போகலாம் என்று 2016இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவை கழிவுநீரோடு ஆற்றுக்கும் கடலுக்கும் போகின்றன. ஆட்டின் காயம் கமராவில் பிடிபடும். மீனின் வயிற்றுக்குள் போன நூலை யார் படம் பிடிப்பது?

எங்களுக்கு இது பாடப்புத்தகக் கதை இல்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. நீர்கொழும்பு, சிலாபம் என்று மேற்குக் கரை நெடுக அவை ஒதுங்கின. நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்துக் கரைசேர்ந்தன. மீன் வாங்கவே சனம் பயந்தது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது.

அந்த மணிகளுக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கப்பல் எரிந்ததை உலகமே பார்த்தது, வழக்கு நடந்தது. துணியோ ஒவ்வொரு நாளும் சத்தமில்லாமல் உதிர்கிறது. நுண்துகளாகவே கடலுக்குள் போகும் பிளாஸ்டிக்கில் சுமார் 35 வீதம் செயற்கைத் துணிகளைக் கழுவுவதால் வருகிறது என்று ஐயுசிஎன் 2017இல் மதிப்பிட்டது. இதற்கு எந்தக் கோட்டில் வழக்குப் போடுவது? நாங்கள் மீன் பிடிப்பதும் அந்தக் கடலில்தான். அந்தத் தண்ணியை வற்றவைத்துத்தான் உப்பும் எடுக்கிறோம்.

"பிளாஸ்டிக் போத்தலை மீள்சுழற்சி செய்த துணிதானே, நல்லதுதானே?" என்பது அடுத்த வாதம். கரையில் கிடக்கும் போத்தலைக் குனிந்து பொறுக்கலாம். நூலாகி உதிர்ந்த பிறகு எந்தக் கை பொறுக்கும்?

கொழும்புக் குப்பையை அறுவாக்காட்டில் கொட்டப் போகிறார்கள் என்றபோது, 2018இல் புத்தளம் சனம் வீதிக்கு இறங்கியது. அனுபவிப்பது ஒருவர், குப்பை இன்னொருவருக்கா என்று கேட்டது. அதே கேள்வியைத்தான் உடுப்பு விற்கும் கம்பனிகளிடமும் கேட்கிறோம். எங்கட அக்காமாரும் தங்கச்சிமாரும் கார்மென்ட்ஸில் நின்று தைத்து அனுப்பும் உடுப்பு, கடைசியில் நூல் நூலாகக் கடலுக்கே வருமென்றால் அந்தக் கணக்கை யார் தீர்ப்பது?

கம்பளி வாங்குங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ட்ரிப்புக்கு அண்ணாவின் பழைய சுவெட்டரைக் கேட்டு வாங்கிப் போங்கள். வந்ததும் மெஷினில் போடாமல் காற்றாட விடுங்கள். புதிதாக வாங்கத்தான் வேணுமென்றால் விளம்பரத்தை விட்டுவிட்டு லேபலை வாசியுங்கள். பிளாஸ்டிக் துணியில் பிளாஸ்டிக் என்று பெரிய எழுத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள். ஆட்டுக்கு இரங்குகிறவர்கள் ஆமைக்கும் இரங்கட்டும்.